புகைபோக்கியின் நிழல்

அனல்மின் நிலையத்தை மூடிய பிறகும் அதன் புகைபோக்கி நின்றுகொண்டிருந்தது. கொதிகலன்களை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நிலக்கரி வந்திறங்கிய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். சன்னல், கதவு என்று கையில் அகப்பட்டதெல்லாம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. புகைபோக்கி மட்டும், வேலை போன காவல்காரன் பழக்கதோஷத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்பதுபோல நின்றது.

அதன் அடியில் ஒரு சாம்பல் மேடு. எரிந்து முடிந்த நிலக்கரியின் சாம்பலைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு அது. அதை மண் போட்டு மூடி, சோலார் பேனல்களை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். சாம்பலுக்குள் கம்பி இறக்கினால் நிற்காது என்பதால் கான்கிரீட் கட்டைகளை வைத்து, அதன் மேல் சட்டங்களைப் பூட்டியிருந்தார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி இருந்தாள். அதற்கு முன் கைபேசிக் கடையில் உறை விற்றுக்கொண்டிருந்தவள். பயிற்சி வகுப்புக்குப் போய், தேர்வெழுதி, தலையில் மஞ்சள் தொப்பியோடு திரும்பி வந்தாள். பகல் முழுக்கத் திறந்தவெளியில் நின்றதால் தெருவில் அவளுக்கு ‘வெயில்காரி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அவளுடைய மாமனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘பாய்லர்’. கோபக்காரர் என்பதால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவர் அந்த நிலையத்தில் கொதிகலன் இயக்குநராக இருந்தவர். கோபம் பிற்பாடு பெயருக்குப் பொருத்தமாக வந்து ஒட்டிக்கொண்டது.

மாமியார், நிலையம் மூடுவதற்குக் கொஞ்சம் முந்தி மூச்சு நோயில் போய்விட்டார். கணவன் லாரி ஓட்டுபவன். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாளே அதிகம். ஆக, பெரும்பாலும் அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்த தெருவுக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

“வெயில் காயுறதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?” என்பார் அவர், அவள் சோர்ந்து வந்து உட்காரும்போது.

“நீங்க குளிர் காய்ஞ்சதுக்குத் தந்தாங்கல்ல மாமா? அந்த மாதிரிதான்.”

“குளிரா? பாய்லர் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னு பாரு. வறுகடலை ஆயிடுவ.”

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில்தான் அந்த நிழல் வந்து விழுந்தது.

குளிர்காலம் தொடங்கியபோது பேனல்களிலிருந்து வரவேண்டிய மின்சாரம் குறைந்தது. மேற்பார்வையாளர் அவளைப் பார்க்கச் சொன்னார். அவள் வரிசைக்குள் நடந்து பார்த்தாள். காரணம் கண்ணெதிரே கிடந்தது. சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் புகைபோக்கியின் நிழல் நீண்டு மேட்டின் மேல் ஏறிவிடுகிறது. காலையில் ஓர் ஓரத்தில் தொடங்கி, கடிகார முள்போல நகர்ந்து, மாலையில் மறு ஓரத்தில் இறங்குகிறது. ஒரு வரிசையில் இருக்கும் பேனல்கள் கைகோத்து நிற்பவை. நடுவில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும், தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயை மிதித்ததுபோல, வரிசையே இளைத்துப் போகிறது. நிழலின் அகலம் கொஞ்சம்தான்; ஆனால் போகிற வழியில் எல்லோரையும் தொட்டுவிட்டுப் போகிறது.

அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். நிறுவனம் புகைபோக்கியை இடிப்பது என்று முடிவெடுத்தது.

செய்தி பரவியதும் ஊர் இரண்டு பட்டது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், பாய்லரும் கூட. மேற்பார்வையாளர் திரையில் வண்ண வண்ணக் கோடுகளைக் காட்டினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. சலூன்காரர் எழுந்தார்.

“சார், சிம்னி புகைஞ்சப்ப ஷிப்டு முடிஞ்சு நூறு தலை என் கடைக்கு வரும். உங்க மேட்டுல வேலை செய்யுறது ஒரு கை விரல்ல எண்ணிடலாம். உங்க பேனலுக்கு முடியா வளருது, நான் வெட்டுறதுக்கு?”

மண்டபமே சிரித்தது. ஆனால் கேள்வியில் உண்மை இருந்தது. மேற்பார்வையாளர் அவளைத் தேடித் திரும்பினார். “எங்க பொண்ணு பேசும்” என்று ஒலிவாங்கியை அவள் கையில் திணித்தார்.

அவள் பேசத் தயாராக வரவில்லை. மனதில் இருந்தது வாயில் வந்தது. “அண்ணே சொல்றது சரிதான். வேலை குறைஞ்சு போச்சு. அதை நான் மறைக்கல. ஆனா அந்தச் சிம்னி நமக்குக் குடுத்தது சம்பளம் மட்டுமா? நான் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தப்ப, வெள்ளைத் துணி காயப்போட்டா சாம்பல் நிறத்துல எடுப்பேன். ஜன்னல் மேடையில விரலால பேர் எழுதலாம். என் மாமியார் ஒரு நாள்கூட அந்த ஆலைக்குள்ள காலெடுத்து வச்சதில்ல. பீடி சிகரெட் தொட்டவங்க இல்ல. ஆனா டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டுனப்ப அவங்க நுரையீரல் ரெண்டும் ஆலைக்குள்ளயே குடியிருந்த மாதிரி இருந்துச்சு. மூச்சுக்கு அல்லாடி அல்லாடித்தான் போனாங்க. எங்க மேட்டுல இருந்து கரண்டு வருது. அதுக்காக யார் வீட்டுக் குழந்தைக்கும் இருமல் வர்றதில்ல.”

முதலில் யாரோ ஒரு பெண் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சலூன்காரரும் தட்டினார். கைதட்டலுக்கு நடுவே முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பாய்லர் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வாசலைப் பார்த்து நடந்தார்.

அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால் அவளோடு மட்டும். ஒரே அறையில் இருந்துகொண்டே மகனுக்குத் தொலைபேசி போட்டு, “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, மோட்டர் போட்டிருக்கேன், தொட்டி நிரம்பினா நிறுத்தணும்” என்பார். எங்கோ நெடுஞ்சாலையில் இருப்பவன் அவளைக் கூப்பிட்டு, “மோட்டராம்” என்பான். இரண்டொரு தடவை சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

“மாமா, நான் உங்களைச் சொல்லல” என்றாள் ஒருநாள். அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

கணவனிடம் முறையிட்டாள். “நீ சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஆனா அம்மாவைச் சபைக்குக் கூட்டிட்டு வந்திருக்க வேணாம். அப்பா இன்னும் அவங்களைப் பத்தி என்கிட்டயே வாயைத் திறந்ததில்ல.”

அவளுக்குச் சுருக்கென்றது. கைதட்டல் வாங்கிய வார்த்தைகளைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க அவை வேறு யாரோ பேசியதுபோல இருந்தன. மாமியாரின் மூச்சை எடுத்து வாதத்தில் வென்றிருக்கிறோம் என்று தோன்றியது. ஆனால் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடிக்கும் நாள் வந்தது. பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்களைக் காலையிலேயே கால்வாய்க்கு அப்பால் இருந்த விளையாட்டு மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் சிலர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் கூட்டத்தில் மாமனாரைத் தேடினாள். காணவில்லை.

“பின்னாடியே வர்றேன்னு சொன்னாரும்மா” என்றார் சலூன்காரர். “அவர் சொன்ன தொனியே சரியில்ல.”

அவள் பாலத்தைத் தாண்டி ஓடினாள். காவலர் மறித்தார். “என் மாமனார் உள்ள இருக்காருங்க” என்றதும், “சீக்கிரம் கூட்டிட்டு வா, உனக்காக வெடி காத்துக்கிட்டு இருக்காது” என்று விட்டுவிட்டார்.

தெரு காலியாக இருந்தது. வீட்டில் அவர் இல்லை. ‘ஏதாவது ஏடாகூடமாகச் செய்துகொண்டாரோ’ என்று பின்வாசலுக்கு ஓடினாள். அப்போது பக்கத்து வீட்டுப் பின்கட்டில் ஆளரவம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பாய்லர் தோளில் ஒரு போர்வை, கக்கத்தில் மூன்று சட்டை, வாயில் துணி மாட்டும் கிளிப்புகளோடு நின்றுகொண்டிருந்தார்.

“மாமா! என்ன பண்றீங்க?”

அவர் கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்தார். பேசுவதில்லை என்ற விரதம் அவருக்கே மறந்துபோயிற்று. “கண்ணு தெரியல? துணி எடுக்கிறேன். ஆளுங்களை மட்டும் ஓட்டிட்டுப் போயிட்டா ஆச்சா? அந்தச் சிம்னிக்குள்ள இத்தனை காலத்துக் கரி ஒட்டிக்கிட்டு இருக்கு. விழுந்தா அத்தனையும் வெளிய வரும். தெருவெல்லாம் கொடியில துணி தொங்குது. ஒருத்தருக்காவது தோணுச்சா?”

அவளுக்கும் தோன்றவில்லை. அடுத்த கொடிக்குப் போய் உருவத் தொடங்கினாள். இருவரும் வீடு வீடாகப் போனார்கள். கதவு திறந்திருந்த வீட்டுக்குள் வீசினார்கள். பூட்டியிருந்த வீட்டுத் துணியை எதிர்வீட்டுக்குள் போட்டார்கள். நடுவில் அவர் எதையோ விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, “இது யாரோடது?” என்று திகைத்தார்.

“அதெல்லாம் கேக்காதீங்க மாமா. கண்ணை மூடிட்டு உள்ள போடுங்க.”

கடைசி வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஒரு முனையை அவர் பிடித்தார்; மறுமுனையை அவள் பிடித்தாள். மடிப்பதற்காக அருகில் வந்தபோது அவர் நின்றுவிட்டார்.

“பாய்லர் குழாயில படியுற கரியை நாளுக்கு ரெண்டு தடவை ஊதித் தள்ளுவோம். அது சிம்னி வழியாத்தான் போகும். எப்ப ஊதுவோம்னு எனக்குத் தெரியும். நான்தான ஊதுறவன். ‘இந்த நேரத்துல துணி போடாத, வாசல்ல உக்காராத’ன்னு அவகிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கலாம். தோணவே இல்ல. அவ என் சட்டையை வாசல்ல நின்னு உதறுவா. கரி பறக்கும். ‘நல்லா உழைச்சிருக்கீங்க போல’ன்னு சிரிப்பா. எனக்கும் பெருமையா இருக்கும்.”

அவள் விரிப்பின் முனையை விடாமல் நின்றாள்.

“நீ அன்னிக்குப் பேசுனது தப்புன்னா உன்னைத் திட்டியிருப்பேன். தப்பில்ல. அதனாலதான் உன் மூஞ்சியைப் பாக்க முடியல” என்றார். பிறகு, சின்னக் குரலில், “ஒண்ணு சொல்லு. நான் ஆயுசு முழுக்கப் பண்ணது பாவமா?”

‘இல்லை மாமா’ என்று உடனே சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். யோசித்தாள்.

“அத்தையை ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப மூச்சு குடுக்க ஒரு மிஷின் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? அதனாலதான் கடைசி மாசம் நம்மளோட பேசுனாங்க. அது எந்தக் கரண்டுல ஓடுச்சு?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எங்களோடதுதான். அந்த மாசம் நான் ஷிப்டுக்குப் போகல. வேற ஆள் நின்னான்.”

“ரெண்டும் நிஜம் மாமா. சபையில நான் ஒண்ணைத்தான் சொன்னேன். மத்ததையும் சேத்துச் சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்குறேன். சொன்னதுக்கு இல்ல, விட்டதுக்கு.”

அவர் விரிப்பை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். அதற்குள் காவலர் ஊதலை ஊதிக்கொண்டே தெருமுனைக்கு வந்துவிட்டார். “யோவ், ரெண்டு பேருக்காக அம்மாம்பெரிய சிம்னி காத்துக்கிட்டு நிக்குதுய்யா!”

மைதானத்துக்கு வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அது நடந்தது. முதலில் அடியில் ஒரு புகைப்பூ விரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. புகைபோக்கி உடனே விழவில்லை. ஏதோ மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் முறிந்து, காலி நிலத்தின் மேல் நீட்டிப் படுத்தது. தரை அதிர்ந்தது. குழந்தைகள் கத்தினார்கள். பழைய தொழிலாளிகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாய்லர் அழவில்லை. கருமேகமாக எழுந்து தெருவின் மேல் நகர்ந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கி அடங்கும்வரை மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். மருமகளிடமும் பொத்தச் சொன்னார்.

அடுத்த இரண்டு நாள் தெருவில் துணிப் பஞ்சாயத்து. ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டில், ஒரு குழந்தையின் காற்சட்டை சலூன்காரர் கட்டிலில். “எந்தப் புண்ணியவான் பண்ண வேலை?” என்று திட்டிக்கொண்டே வாங்கிப்போனார்கள். ஆனால் ஒரு துணியிலும் கரி இல்லை. பாய்லர் வாயே திறக்கவில்லை. அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்காக அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. வானத்தில் புதிதாகத் தெரிந்த வெற்றிடத்தைப் பார்த்து, “மொட்டையடிச்ச மாதிரி இருக்கு ஊரு” என்றார். மேட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஒருநாள் பிற்பகல், கதவைச் சாத்திவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு நின்றார். மாற்றுச் சாவி மருமகளிடம். வேறு வழியில்லாமல் மேட்டின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

அவள் அவருக்கும் ஒரு மஞ்சள் தொப்பியைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். நிழல் விழாத வரிசைகள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வெயிலை வாங்கிக்கொண்டிருந்தன. அவர் நின்று காதைக் கூர்மையாக்கினார்.

“ஓடுதா இல்லையா?”

“ஓடுது மாமா.”

“சத்தமே இல்லையே. மிஷின்னா சத்தம் போடணும். இல்லேன்னா அதுக்கு என்ன நோவுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?”

வெப்பம் காட்டும் கேமராவை அவர் கையில் கொடுத்தாள். ஒரு பேனலின் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி. “அங்க ஒரு இணைப்பு தளர்ந்திருக்கு. சூடாகுது.” அவர் திரையையும் பேனலையும் மாறி மாறிப் பார்த்தார். “காய்ச்சல் பாக்குற மாதிரி” என்றார். முகத்தில் பழைய வேலைக்காரரின் அக்கறை வந்துவிட்டது.

பிறகு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். “சூரியன் இறங்குற நேரத்துலதான் எல்லா வீட்லயும் விளக்கு, அடுப்பு, டிவின்னு ஒண்ணாப் போடுவாங்க. எங்களுக்கு உசிரு போற நேரம் அது. உங்களுக்கு அப்பதான கடையை மூடுற நேரம்? என்ன பண்றீங்க?”

மேட்டின் ஓரத்தில் கொள்கலன் போன்ற இரண்டு பெட்டிகளைக் காட்டினாள். “பேட்டரி. பகல்ல மிஞ்சுறதை இதுல வச்சுக்குவோம். ஆனா சாயங்காலம் முழுக்கத் தாங்காது.”

“அப்புறம்?”

“வெளியில இருந்து வாங்குறோம்.”

“வெளியிலன்னா?”

அவள் பூசி மெழுகவில்லை. “இன்னும் கரிதான் மாமா. வேற ஒரு ஊர்ல எரியுது. எல்லா இடமும் மாற நாளாகும்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப அங்க ஒருத்தன் பாய்லர் முன்னாடி நிக்கிறான். நம்ம வீட்டு விளக்குக்காக.”

“ஆமா மாமா.”

“அவனுக்கும் குடும்பம் இருக்கும்ல?”

அவள் கேமராவை வாங்கி உறையில் வைத்தாள். அவர் விடவில்லை.

“இன்னும் நாலு பெட்டி வந்தா?”

“நம்ம ஊருக்காக மட்டுமாவது அவன் நிக்க வேண்டியதில்ல. இடம்தான் தகராறு. சிம்னி இருந்த இடத்தைக் கம்பெனியில கேட்டிருக்காங்க. அங்க கடைகள் கட்டணும்னு பாதிப் பேரு சொல்றாங்க.”

அந்த இடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூடிய இரண்டாவது கூட்டத்தில் பாய்லர் பேசினார். பேசினார் என்பதைவிட, அறுத்தார் என்பதே பொருத்தம். கொதிகலனில் நீர்மட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கினார். சலூன்காரர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அவர் சொன்னார்:

“நான் அந்த வேலையைப் பெருமையாத்தான் பாத்தேன். இப்பவும் வெக்கப்படல. ஆனா நமக்கு ஒரு வழி கிடைச்ச பிறகும் இன்னொருத்தனை அதுல நிக்க வச்சா, அதுக்கு நான் வெக்கப்படுவேன். கடையை ரோட்டோரமாக் கட்டிக்குங்க. அந்த இடத்தைப் பெட்டிக்குக் குடுங்க.”

இந்தமுறை கைதட்டல் இல்லை. முணுமுணுப்பு இருந்தது, வாக்குவாதம் இருந்தது, அதன்பின் கையை உயர்த்தச் சொன்னபோது கைகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, உயர்ந்தன. போதுமான அளவுக்கு உயர்ந்தன.

மழை முடிந்து பெட்டிகள் வந்தன. மாலை நேரத்தில் அவற்றைக் கண்காணிக்கப் பழைய நிலையத்து ஆட்கள் சிலரைப் பயிற்சி கொடுத்து எடுத்தார்கள். பாய்லரும் மனுப் போட்டார். மருத்துவச் சோதனையில் அவர் மூச்சு போதாது என்று தள்ளிவிட்டார்கள். “ஊதுடா ஊதுடான்னு ஒரு குழாயைக் குடுக்குறான். நான் ஊதாத ஊதா?” என்று வீடு வரை திட்டிக்கொண்டே வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் ஆறுதல் சொல்லிப் பார்க்கவில்லை. ஆறுதல் சொல்லி ஆறுகிற காயமில்லை அது.

பெட்டிகளை இணைத்த மாலை, அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் வாசல்படியில் நின்றிருந்தார். சூரியன் மறைந்தது. தெரு விளக்குகள் எரிந்தன. வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. சலூன்காரர் யாருக்கோ முகத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தார். எவரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒண்ணும் வித்தியாசமே தெரியலையே” என்றார் அவர்.

“தெரியாது மாமா.”

அவர் தலையசைத்தார். மகனுக்குத் தொலைபேசி போட்டு, எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அப்புறம், இங்கே விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது என்றார்.